சந்தனம் வைத்த சீடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியமும் கம்ப்யூட்டரும் கலந்த விஷயம். பத்தாவதோடு நின்ற நான் சொன்னால் சிரிப்பார்களே என்ற பயம். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இப்போது துணிந்துவிட்டேன்.

அன்று தெலுங்குப் பக்கம், எங்கள் குஷாய்குடா வீட்டில் சரஸ்வதி பூஜை. புத்தகங்களோடு மகளின் லினக்ஸ் சீடிகளையும் அம்பாள் முன்னால் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தேன். மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை எதையும் எடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரை மட்டும் விட்டுவைத்தேன். மகள் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி, சாயங்காலத்துக்குள் அனுப்பாவிட்டால் புராஜெக்டிலிருந்து கழற்றிவிடுவார்களாம். வெளிநாட்டு ஆபீசுக்கு ஏது பூஜை?

மத்தியானம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"கம்பைலரே இல்லம்மா. இன்ஸ்டால் பண்றப்போ விட்டிருக்கேன். சீடியில இருக்கு."

"சீடி பூஜையில இருக்கு. நெட்ல இறக்கிக்கோயேன்."

"நக்கோம்மா, அது வேண்டாம்! இந்த போன் லைன்ல இறக்கினா தீபாவளி வந்துடும்."

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "சீடி சாமிகிட்டேர்ந்து வரக் கூடாது, அவ்வளவுதானே? கம்ப்யூட்டர் சாமிகிட்ட போகட்டும்."

"பூஜைக்கு வந்தா அதையும் ஓட்டக் கூடாதுங்க."

"பொட்டு வைக்காதே. விருந்தாளியா வரட்டும்."

"அப்பா, நீங்க பிளான்ட்ல வேலை பாக்கறீங்களா, கோர்ட்லயா?" என்றாள் மகள்.

எனக்கு மனசு உறுத்தியது. 'தாயே, குழந்தை பிழைப்பு' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் மானிட்டரையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் தூக்கி வந்து கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

சீடியைப் போட்டால் கர்கர் என்று சத்தம்தான் வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தாள். பளபளக்கிற பக்கத்தில் என் பொட்டு.

"அம்மா! எழுத்து இருக்கற பக்கம் வெச்சிருக்கக் கூடாதா?"

"இதுதானே முகம் மாதிரி இருந்தது!"

ஈரத்துணியால் துடைத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் அதைப் படித்தது. ஆனால் கம்பைலர் தனியாக வரமாட்டேன் என்றது. அதற்கு இன்னொன்று வேண்டுமாம், அந்த இன்னொன்றுக்கு வேறொன்று. அவள் கேட்கக் கேட்க, அடுத்தடுத்த சீடியைத் துடைத்து நீட்டினேன்.

"மாமா வந்தாத்தான் பந்தியில உக்காருவேங்கற சம்பந்தி மாதிரி இருக்கே" என்றார் அவர்.

ஒருவழியாக எல்லாம் வந்து சேர்ந்தது. திரையில் வரிகள் அர்ச்சனை போல விடாமல் ஓடின. விளக்கு வைக்கும் நேரத்துக்கு அனுப்பிவிட்டாள். சரியாக ஓடுகிறது என்று பதில் வந்ததும் முதல் கை சுண்டல் அவளுக்குத்தான் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு அம்மா இதைக் கோயிலில் சொல்லும்போது, சந்தனம் பட்டதால்தான் புரோகிராம் ஓடியது என்று ஆக்கிவிட்டார். அதைக் கேட்டுச் சந்தனத்தோடே சீடியைப் போட்டு, அடுத்த நவராத்திரியில் எங்கள் தெருவில் சில சீடி டிரைவ்கள் கெட்டுப்போயின. அதனால் யாரிடம் சொன்னாலும் நான் எழுதியபடியே சொல்லுங்கள். அருள் அம்பாளுடையதுதான், ஆனால் சந்தனத்தைத் துடைத்த பிறகுதான் சீடி ஓடியது.