கூண்டில் இருபது மில்லி செகண்ட்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நஷ்டமில்லை. நடந்தது நடந்ததுதான். ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். நான் குடித்திருக்கவும் இல்லை.

கரகாந்தா நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் கிடந்தவன் நான். இப்போது ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காவல். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் இரும்புக் கூண்டுக்கு அங்கே புரோகிராம் எழுதுகிறார்கள். சோதித்துப் பார்க்க ஒரு நிஜக் கூண்டையே அறையில் நிறுத்தியிருக்கிறார்கள். கம்பிவலைக் கதவு மூடும், டங். மோட்டார் கிளம்பும், ம்ம்ம். கதவு மூடிய நேரம் முந்தி, மோட்டார் கிளம்பிய நேரம் பிந்தி என்று பதிவானால் பச்சை விளக்கு. இல்லாவிட்டால் சிவப்பு. நாளெல்லாம் இதே கூத்து. நூற்றுக்கு ஒரு தடவை சிவப்பு விழும். ஏன் என்று பார்க்க மாட்டார்கள். பச்சை வரும்வரை மறுபடி மறுபடி ஓட்டுவார்கள். த்தூ.

மறுநாள் திங்கட்கிழமை அந்தப் புரோகிராம், சுரங்கத்தில் என் மகன் தௌரென் இறங்கும் கூண்டுக்குப் போவதாக இருந்தது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன்.

11:52. சிவப்பு. கூடவே ஒரு நாற்றம். தண்ணீர் தேங்கிய சுரங்கத்தில் எலி செத்து ஊறினால் வருமே, அது.

12:20. சிவப்பு. கம்பிவலையின் உள்பக்கம் கொழகொழவென்று என்னவோ வழிந்தது. துணியால் துடைத்தேன். துணியோடு ஒரு நகம் வந்தது. துணியைத் தூக்கி எறிந்தேன்.

புரோகிராம் எழுதிய அர்காதியைப் போனில் கூப்பிட்டேன். 1:30க்கு வந்தான்.

"என்ன பெரியவரே, சாப்பாட்டு மூட்டையப் பிரிச்சிட்டீங்களா? நாறுது."

"சிவப்பு ஏன் விழுது? அதச் சொல்லு."

"மெஷின் கடிகாரம் தத்தித் தத்திப் போகும். செகண்டுக்கு அறுபத்திநாலு தத்து. கதவும் மோட்டாரும் ஒரே தத்துக்குள்ள விழுந்தா ரெண்டுக்கும் ஒரே நேரம் போட்டுடும், அதான் சிவப்பு. நடுவுல நடக்கிறது அதுக்குத் தெரியாது."

"நடுவுல எவனாவது ஏறிட்டா?"

"ஏறினா டிக்கெட் கிழிச்சுக் கொடுங்க."

இளித்தான். கதவு மூடிய பிறகு மோட்டார் இருபது மில்லி செகண்ட் காத்திருக்கும்படி எழுதினான். கண் சிமிட்டும் நேரத்தில் கால்வாசிகூடக் கிடையாது. போய்விட்டான்.

2:41. டங். ம்ம்ம். பச்சை.

ஆனால் அந்த இடைவெளியில்... கூண்டின் பின்பக்கம் ஒருவன் நின்றான். மின்னலில் தெரிகிற மாதிரி. முகம், ஊறி உப்பிய ரொட்டி.

டங். ஓரடி முன்னால் வந்திருந்தான். பச்சை.

டங். கம்பிவலையில் உதடு ஒட்டியிருந்தது. பச்சை.

டங்...

கூண்டு காலி.

என் பிடரியில் ஈரமாக மூச்சு பட்டது.

ஓடினேன். தெருவில் பனிமேல் வாந்தி எடுத்தேன். மணி 2:44.

சாயங்காலம் மகனிடம் சொன்னேன். "நாளைக்கு எறங்காதடா."

"உங்க ஆபீஸ்ல பேய்னு சொல்லி லீவு கேக்கவா? ஊரே சிரிக்கும்ப்பா."

போனான்.

திங்கள் மாலை 6:10க்கு உயிரோடு திரும்பினான். அப்பாடா என்று உட்கார்ந்தேன். அவனோ மூஞ்சியைச் சுளித்துச் சட்டையைக் கழற்றி எறிந்தான்.

"எவனோ குளிக்காத நாய்! கூண்டுல கீழ போய்ச் சேர்ற வரைக்கும் என் பின்கழுத்துல வாயை வெச்சு மூச்சு விட்டுக்கிட்டே வந்தான்."

"யாருடா?"

"கதவு மூடறப்ப ஏறியிருப்பான். பின்னாலயே நின்னதுல முகம் தெரியல."

அவன் கழுத்தைத் தொட்டேன். விரல் ஒட்டியது. மூன்று தடவை சோப்புப் போட்டும் அந்த நாற்றம் போகவில்லை.

சோதனை அறையில் அதற்கப்புறம் ஒரு சிவப்புகூட விழவில்லை. அர்காதிக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

வியாழக்கிழமை சுரங்கத்துக்குப் போனேன். இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு கொடுத்துக் கூண்டில் ஏற்றி விடுபவன் என் பழைய கூட்டாளி. திங்களன்று தௌரெனோடு கூண்டில் யார் ஏறியது என்று கேட்டேன்.

"யாருமில்லையே. அவன் லேட்டால்ல வந்தான்? தனியாத்தான் எறக்கி விட்டேன்."