ஆயுத பூஜைக்குள் ஒரு கேஸ் உலை

இரும்படிக்கிற தொழிலில் இரும்பு ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை. தொந்தரவெல்லாம் நெருப்பும், அதை வேடிக்கை பார்க்க வருகிற ஆட்களும்தான். வீடியோ பார்த்து வீட்டிலேயே எதையாவது செய்யக் கிளம்பி, எல்லோரிடமும் திட்டு வாங்கியவரா நீங்கள்? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் காலேஜில் செகண்ட் பியூசியை, அதாவது கர்நாடகத்துப் பிளஸ் டூவை, பாதியில் விட்டவள். படிப்பு வரவில்லை, பிடிக்கவும் இல்லை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா மைசூரில் கொத்தனார். உளி மழுங்கினால் அதைக் காய்ச்சி முனை அடித்துத் தர ஆள் கிடைக்காமல் சைட்டில் எல்லோரும் அலைவார்கள். அதை நான் செய்கிறேன் என்றேன். கரி உலை வைத்தால் புகைக்கு வீட்டு ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் கேஸ் உலை. அப்பா ஒரு கெடு வைத்தார்: ஆயுத பூஜைக்குள் யாராவது ஒருத்தர், அப்பா சொல்லி அனுப்பாமல், தானாகத் தேடி வந்து எனக்கு வேலை கொடுக்க வேண்டும், அதை நான் செய்தும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி காலேஜ். ஃபாரத்தை வாங்கி அம்மா பீரோவில் வைத்தேவிட்டாள்.

பஞ்சு வாங்கப் போனது

கேஸ் உலை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு இரும்பு பெயிண்ட் டப்பா. உள்ளே சூடு தாங்குகிற வெள்ளைப் பஞ்சைச் சுற்றி, மேலே உலைச் சிமெண்ட் பூச வேண்டும். பக்கத்தில் ஓட்டை போட்டு பர்னரைச் செருக வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பஞ்சுக்குப் பெயர் செராமிக் உல். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கடையில் கிடைக்கும் என்றார்கள். போய் இரண்டு மீட்டர் கேட்டேன். கடைக்காரர் முழு ரோலாகத்தான் தருவேன் என்றார். உலை இவ்வளவுதான் என்று கையை விரித்துக் காட்டினேன். உளி காய்ச்ச என்றேன், தலையாட்டினார். சுத்தியலால் அடிக்க என்றேன், அதற்கும் தலையாட்டினார்.

கடைசியில் மனமிரங்கி வெட்டிக் கொடுத்தார். தூசி நெஞ்சுக்கு ஆகாது, முகமூடி போட்டுக்கொண்டு தொடு, சிமெண்ட் பூசாமல் பற்ற வைக்காதே என்று உருப்படியாகவும் இரண்டு வார்த்தை சொன்னார். அப்பாடா, விஷயம் தெரிந்த ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்: "எல்லாம் சரிம்மா, வண்டி எங்க போடப் போற? தந்தூரியா, ஷவர்மாவா?"

டுப் டுப்

பர்னர் என்பது ஒரு குழாய். ஒரு முனையில் ஊசித் துளை வழியாகக் கேஸ் பீறிட்டு வரும். பக்கத்தில் இருக்கிற நாலு ஓட்டை வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். ஊசித் துளை போட எடுத்த டிரில் பிட் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. பொறுமை போய், பெரிய பிட்டால் போட்டுவிட்டேன். தீ மஞ்சளாக, கோயில் தீபம் மாதிரி ஆடியது. அதில் உளி காயாது, அப்பளம் வேண்டுமானால் சுடலாம். ஸ்டவ் ரிப்பேர் கடையில் கெஞ்சி சின்னத் துளை போட்ட ஒரு ஜெட் வாங்கி மாட்டினேன். இப்போது தீ நீலமாக வந்தது. வந்த வேகத்தில் குழாய்க்குள்ளேயே திரும்பிப் போய் டுப் டுப் என்று வெடித்தது.

மூன்று நாள் இதே கூத்து. கேஸின் அழுத்தம் குறைவாக இருந்தால் தீ பின்வாங்கும், ரெகுலேட்டரைக் கூட்டி வைத்தால் போதும் என்பது நாலாம் நாள்தான் எனக்கு உறைத்தது. ஆனால் மூன்றாம் நாளே மாடியிலிருந்து ஓனர் இறங்கி வந்துவிட்டார். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று நினைத்து ரெகுலேட்டரை மூடினேன். உலை வைத்திருந்த ஷெட்டை அவர் எட்டிப் பார்த்தார், தகரக் கதவுக்கு மேலே என் தலை மட்டும்தான் தெரிந்திருக்கும். "ஏன்மா, பைக்கு ஸ்டார்ட்டே ஆகல்லவா? தள்ளித்தான் ஸ்டார்ட் மாடணும். இரு, செப்பல் ஹாக்கிட்டு வர்றேன்" என்றார், தன் கன்னடம் கலந்த தமிழில்.

அம்மாவின் சிலிண்டர்

சின்ன சிலிண்டரிலிருந்து வேகமாகக் கேஸை உறிஞ்சினால் அது குளிர்ந்துபோகும் என்று எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. ஜூலை மாத மழையில், அரை மணி நேரத்தில் சிலிண்டரின் மேல் வெள்ளையாக ஐஸ் பிடித்துவிட்டது. தீ சுருங்கி அணைந்தது. உலை அப்போதுதான் செக்கச்செவேல் என்று பதத்துக்கு வந்திருந்தது. எனக்கு அழுகையே வந்தது. சமையலறைக்குப் போய்ப் பெரிய சிலிண்டரைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டு சிலிண்டரை இதற்கு எடுக்கக் கூடாது. தெரிந்தேதான் எடுத்தேன். பத்து நிமிஷம்தான் என்று நினைத்தேன், நினைத்தபடி எது நடந்திருக்கிறது?

அன்றைக்கென்று பார்த்து மார்டள்ளியிலிருந்து அத்தை வீட்டார் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அம்மா அரிசியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போயிருந்த நேரம் அது. திரும்பி வந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, சிலிண்டரே இல்லை. கையில் கரண்டியோடு ஷெட்டுக்கு வந்தாள். கத்தினால்கூடப் பரவாயில்லை. குனிந்து உலைக்குள் பார்த்தாள். "இரும்பு வெந்துருச்சா கண்ணு? இறக்கு, அதையே ஆளுக்கு ரெண்டு கரண்டி வெச்சிரலாம்."

முதல் உளி

முதல் உளியை அப்பாவோடு வேலை செய்யும் பழனி அண்ணனிடமிருந்து அப்பாவே வாங்கி வந்தார். அதனால் அது கெடுவில் சேராது என்று அவரே சொல்லிவிட்டார். நன்றாகக் காய்ச்சி, முனையை இழுத்து அடித்து, தண்ணீரில் தோய்த்தேன். சுர்ர் என்ற அந்தச் சத்தத்துக்காகவே தினமும் தோய்க்கலாம். தோய்த்தவுடன் முனை கண்ணாடி மாதிரி இறுகிவிடும். மறுபடி லேசாகச் சூடு காட்டி, முனை வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை இளக்க வேண்டும். அது எனக்குத் தெரியாது. வீடியோவில் அந்த இடத்தில் விளம்பரம் வந்தது. தள்ளிவிடும்போது அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் பழனி அண்ணன் வந்தார். ஒரு கையில் உளி, இன்னொரு கையில் அதன் முனை. அப்பா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். சரியாக அடித்து, இளக்கி, திருப்பிக் கொடுக்க எனக்கு மேலும் ஒரு வாரம் ஆனது. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னதுதான் காதிலேயே நிற்கிறது: "அம்மிணி, செவுத்தை உடைக்கத்தான் உளி குடுத்தேன். உளியை உடைக்க உனக்குச் செவுரு குடுக்கல."

நாலு கண்

ஆயுத பூஜை வந்துவிட்டது. தானாக யாரும் வரவில்லை. அப்பா காலையிலேயே குளித்துவிட்டு வந்து கரண்டி, தூக்குக்குண்டு, மட்டப்பலகை, பைக் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். என் உலைக்கும் வைத்தார். பூசணிக்காயை உடைத்து முடித்த நேரத்தில், பழைய வீடு இடிக்கிற மேஸ்திரி ஒருத்தர் சிமெண்ட் சாக்கோடு உள்ளே வந்தார். சாக்கில் பன்னிரண்டு உளி. பழனி அண்ணன் கையில் இருந்த உளியைப் பார்த்து விசாரித்து வந்தாராம், நாளை சாயங்காலம் வேண்டுமாம். லைட்டரை எடுக்க ஓடினேன். அப்பா கையை நீட்டி மறித்தார். பூஜை போட்ட ஆயுதத்தை இன்றைக்குத் தொடக் கூடாது. "கெடு இன்னிக்குத்தானேப்பா?" என்றேன். "வேலை வந்துச்சு. நீ செய்யலையே" என்றார். மேஸ்திரியாவது எனக்காகப் பேசுவார் என்று பார்த்தால், அவரும் அப்பா சொல்வதுதான் சரி என்று சாக்கை உலை முன்னால் சாய்த்து, அதற்கும் ஒரு பொட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஊரே ஜம்பூ சவாரி என்கிற தசரா யானை ஊர்வலம் பார்க்கக் கிளம்பியபோது நான் உலையைப் பற்ற வைத்தேன். மஞ்சள் தீ. புகை. ஆரம்பத்தில் பார்த்த அதே கோயில் தீபம். ஜெட்டைக் கழற்றினேன், ரெகுலேட்டரைத் திருகினேன், டியூபை உதறினேன். ஸ்டவ் ரிப்பேர் கடையும் பூட்டியிருக்கும். ஒரு மணி நேரம் போன பிறகுதான் காற்று ஓட்டைகளைப் பார்த்தேன். நாலிலும் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது, நடுவில் அழகாகக் குங்குமம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கண்ணு மாதிரி இருந்துச்சு, அதான்" என்றார். ஊக்கால் நோண்டி நோண்டி எடுத்தேன். தீ நீலமானது.

நாலு மணிக்குப் பன்னிரண்டும் முடிந்தன. மேஸ்திரி வந்து ஒன்றை எடுத்து, வாசலில் கிடந்த கான்கிரீட் துண்டில் ஐந்தாறு அடி அடித்தார். முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி, அடுத்த வாரம் இன்னும் முப்பது வரும், இந்தப் பொண்ணு இருக்குமா, காலேஜுக்குப் போயிருமா என்று கேட்டார். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள். நான் இடுக்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை. "இருப்பா. ஆனா அடுத்த வருஷமும் உலைக்குச் சந்தனம் நான்தான் வெப்பேன்."

மொத்தத்தில், கேஸ் உலை செய்வது நாலு நாள் வேலை. அதைச் சுற்றி நிற்கிறவர்களைப் பதத்துக்குக் கொண்டுவரத்தான் எனக்கு நாலு மாதம் ஆனது.