கைதட்டலுக்குப் பிறகு வெட்டியது

துடியலூர்ப் பக்கம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் சிசிடிவி கேமரா மாட்டுவது என் தொழில். வாசலில் நிற்பவரின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், அதற்குத்தான் கூலி. அந்தப் பாவத்துக்கு எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றும் வேலையும் என் தலையில் விழுந்தது. பல வருடமாக நான் இரண்டு கண்ணையும் மூடி ஜெபித்ததில்லை. ஒரு கண் எப்போதும் திரையில்தான்.

என் மனைவி சாட்சி சொன்ன அன்றும் அப்படித்தான். மார்பில் கட்டி, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, கடைசி ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. எங்கள் சபையில் நன்மை பெற்றவர்கள் முன்னால் போய் மைக்கில் அதைச் சொல்வது வழக்கம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் நின்றாள். "ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லீங்க" என்றாள். சபையே கைதட்டியது. நான் மைக் இரைச்சலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அதைத் தனி வீடியோவாக வெட்டி, கைதட்டலோடு முடித்து ஏற்றினேன். எங்கள் சானலில் அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வருடம் நோய் ஈரலுக்கு வந்தது. மூன்றே மாதம். போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த பிறகு எனக்குள் ஒன்றுமே நடக்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை என்பதுதான் ஆச்சரியம், ஒயர் ஒரு மீட்டர் குறைந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கிறவன் நான். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் பதினாறு கேமரா மாட்டினேன். நானே கட்டிப்போன சோற்றைச் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேமராவுக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு நாள் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க பிரதர், சிஸ்டர் சாட்சி வீடியோவ எடுத்துப்போடலாங்களா? அந்தம்மா தவறிப்போச்சாமேன்னு கீழ எழுதறாங்க. புதுசா வர்றவங்க விசுவாசம் ஆட்டங் கண்டுபோகுமுங்க."

"எடுத்துடறேனுங்க" என்றேன், ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று கஸ்டமரிடம் சொல்கிற அதே குரலில்.

மறுநாள் மதியம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். எதையும் அழிக்கும் முன் முழுப் பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பது தொழில் பழக்கம். திறந்தேன். அவள் முகம் மங்கலாக இருந்தது. கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் மைக்குக்கு முன்னால் வைத்திருந்த பிளாஸ்டிக் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வோர் இதழும் அவ்வளவு துல்லியம். அன்று இரைச்சலைச் சரிசெய்வதிலேயே குறியாக இருந்ததில் இது என் கண்ணில் படவேயில்லை. ஊரார் வாசலில் படுத்திருக்கும் நாயைக்கூடத் தெளிவாகக் காட்டுகிறவன், பெண்டாட்டி முகத்தைக் கோட்டை விட்டிருக்கிறேன்.

கைதட்டல் வந்தது. நான் வெட்டிய இடம் அது. பதிவு தொடர்ந்து ஓடியது. சத்தம் அடங்கும்வரை நின்றுவிட்டு அவள் பேசினாள்.

"இன்னொண்ணும் சொல்லிப்போடறேனுங்க. இது திரும்பி வந்தாலும் வருமுங்க, டாக்டரே சொன்னாரு. அப்பவும் கர்த்தர் என்ற கூடத்தான் இருப்பாரு. வந்துச்சுன்னா இதே எடத்துல நின்னு அதையுஞ் சொல்லுவேன். நல்லதுக்கு மட்டுஞ் சொன்னா அது பாதிச் சாட்சிதானுங்களே."

யாரும் கைதட்டவில்லை. இறங்கிப் போனாள்.

அன்று வெட்டும்போது இதை நான் கேட்டிருக்கிறேன். கைதட்டலுக்குப் பிறகு சப்பென்று இருக்கிறதே என்று தெரிந்தேதான் வெட்டினேன்.

கடைசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "ஏனுங்க, சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, ஒரு நிமிசம் பேசோணும்" என்றாள். உடம்பு தேறட்டும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என்ன பேச வேண்டும் என்று கேட்கக்கூட இல்லை.

பாஸ்டருக்கு போன் போட்டேன். "வீடியோவ எடுக்கலீங்க. முழுசாப் போடறேன். இந்த ஞாயித்துக்கெழம எனக்கு ரெண்டு நிமிசம் வேணுமுங்க."

 "வாங்க பிரதர்" என்றார்.

ஞாயிறன்று பூங்கொத்தை எடுத்து ஓரமாக வைத்தேன். ஆட்டோ ஃபோகஸை அணைத்து, மைக் ஸ்டாண்டைக் குறிவைத்துக் கையால் திருகிச் சரிசெய்தேன். போய் நின்றேன்.

"நோய் திரும்பி வந்துச்சுங்க" என்றேன். "அதையும் இங்க வந்து சொல்லோணும்னுதான் இருந்தா. நாந்தான் கூட்டிட்டு வல்லீங்க. எனக்கு இப்ப ஜெபம் வர்றதில்லீங்க, ஒண்ணுமே தோணலீங்க. ஆனா கடசி நாளு வரைக்கும் கர்த்தர் கூட இருக்காருன்னுதான் அவ சொன்னா. அத நான் பார்த்தேன்."  இறங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஏற்றுவதற்கு முன் பதிவைப் பார்த்தேன், எதையும் வெட்டுவதில்லை என்ற முடிவோடு. படம் துல்லியமாக இருந்தது. பேச ஆரம்பித்ததிலிருந்து இறங்கும்வரை என் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அங்கே நின்றபோது எனக்கு அது தெரியவே இல்லை.