வழுக்காத பிடி

தியாகராய நகர்ச் சந்து ஒன்றில், லேசர் இயந்திரத்தால் எழுத்துப் பொறிக்கும் சிறிய கடை. வீட்டுப் பெயர்ப்பலகைக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு முன்னரே வந்திருப்பவர் முடிதிருத்துநர் முருகேசன். அவருடைய சவரக்கத்தியின் தேக்குப் பிடி, இரண்டு மெல்லிய பலகைகளாகப் பிரிந்து இயந்திரத்தினுள் கிடக்கிறது. சென்ற வாரம் ஈரக்கையில் அது வழுக்கி, வாடிக்கையாளர் ஒருவரின் கன்னத்தைக் கீறிவிட்டதாம். அன்றிலிருந்து முருகேசன் கத்தியைத் தொடவில்லை.

கடை உரிமையாளர் ஸ்டெல்லா, மீன்செதில் போன்ற வரிகளைப் பொறித்து, பலகைகளைத் திருகிச் சேர்த்துத் தருகிறார். முருகேசன் தாம் கொண்டுவந்த குவளையின் சோப்புநீரில் கையை முக்கி, அலகு பூட்டாத அந்தப் பிடியைக் கண்மூடிச் சுழற்றுகிறார். அது நழுவித் தரையில் விழுகிறது.

“இன்னும் ஆழமா போடும்மா.”

“ஏற்கெனவே ரெண்டு தபா ஓட்டிட்டேன் நைனா. இன்னொரு தபா ஓட்டுனா கட்டை பொத்தலாயிடும். அப்பால என்னாண்ட சண்டைக்கு வரக்கூடாது.”

“பொத்தலானா வேற கட்டை வாங்கிக்கலாம். வேற கன்னம் எங்க கீது? ஓட்டு!”

பிரித்து வைத்த பலகைகள்மேல் ஒளிக்கற்றை மறுபடியும் ஊர்கிறது. கருகும் தேக்கின் மணம் அறையை நிறைக்கிறது. மூவரும் கண்ணாடி மூடியின்மேல் குனிந்து நிற்கிறோம். கட்டை தாங்கிக்கொள்கிறது. ஸ்டெல்லா திருகிச் சேர்த்துத் தந்ததும், முருகேசன் மீண்டும் கையை நனைத்து, கண்மூடிச் சுழற்றுகிறார். ஸ்டெல்லா பிடுங்கிப் பார்த்தும் பிடி அவர் விரல்களை விட்டு வரவில்லை.

முருகேசன் கண்திறந்து, இருநாள் பயணத்தில் மண்டிய என் தாடியை நோக்குகிறார்.

“பக்கத்துலதான் சார் நம்ம கடை. வர்றீங்களா?”

சற்றே தயங்கி, அவருடன் படியிறங்குகிறேன்.

“முழுக் கன்னத்தோட திரும்பி வாங்க சார்!” என்கிறார் ஸ்டெல்லா.