நூறு கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு லீற்றர்

அனோஜாவின் உயரம் நாலடி பதினொரு அங்குலம். கணவன் றொய்சனின் பிக்கப் ட்ரக்கில் ஓட்டுநர் இருக்கையின் விளிம்பு அவளுடைய நெஞ்சுக்கு நேரே இருந்தது. சமையலறை மேல்தட்டில் சாமான் எடுக்க வைத்திருந்த பிளாஸ்ரிக் ஸ்ரூலை நிலத்தில் வைத்து, அதில் ஏறி, கதவோரக் கைபிடியில் தொங்கி, உள்ளே போய் விழுவாள். பிறகு ஸ்ரூலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அதையும் மேலே இழுத்துப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொள்வாள். அவர்கள் குடியிருந்த மல்வேர்னில் காலை ஐந்து மணிக்கு இதைப் பார்க்க யாரும் இருப்பதில்லை. இருந்திருந்தாலும் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். வெட்கப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஒக்டோபரில் றொய்சன் கூரையிலிருந்து விழுந்தான். இருபது வருடமாகக் கூரை வேலை செய்தவன். பிக்கறிங்கில் ஒரு வீட்டின் முன்பக்கத்துச் சின்னக் கூரை, அவன் சும்மா ஏறி இறங்குகிற உயரம். பனி காயாத பலகையில் கால் சறுக்கி, கல்படியில் இடுப்பு அடிபட விழுந்தான். இரண்டு முறை சத்திரசிகிச்சை செய்து இரும்பு வைத்தார்கள். மாடியில் இருந்த படுக்கையைக் கழற்றிக் கீழே வரவேற்பறையில் போட்டார்கள். அதே மாதக் கடைசியில் அனோஜாவின் பழைய காரில் கியர்பெட்டி உடைந்தது. திருத்துவதற்குக் கேட்ட காசுக்கு அந்தக் காரே பெறாது என்று அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு வேலை ஒஷாவாவில், சலாட் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில். காலை ஆறு மணி ஷிஃப்ட். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. வாசலில் நின்றது ட்ரக் மட்டும்தான்.

அந்த ட்ரக்கை றொய்சன் நான்கு வருடமாக, சனிக்கிழமை சனிக்கிழமையாக, தன் கையால் மாற்றிக் கட்டியிருந்தான். நான்கு அங்குலம் உயர்த்தி, சேற்றில் ஓடுகிற பெரிய ரயர்கள் போட்டு, முன்னால் இரும்பு பம்பர் பூட்டி, கூரைக்கு மேலே நீளமான ஒரு விளக்குச் சட்டமும் வைத்திருந்தான். சேற்றுப் பக்கம் அது ஒருநாளும் போனதில்லை. விற்பியில் பிக்கப்காரர்கள் கூடுகிற ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குப் போய் வரும், அவ்வளவுதான். அங்கே வெள்ளைக்காரப் பெடியள் வந்து குனிந்து அடிப்பக்கம் பார்த்து, யார் செய்தது என்று கேட்பார்களாம். "நான்தான்" என்று சொன்ன கதையை அவன் வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று தரம் சொல்லுவான்.

திங்கள் காலை தாங்கியை நிரப்பினால் வெள்ளி விடியமுன் மஞ்சள் விளக்கு எரியும். ஜனவரிக் குளிரில், எட்டு மணி நேரம் குளிரறையில் நின்று வெட்டிய கீரையைப் பொதிசெய்த விரல்களால் மறுபடியும் பெற்றோல் பம்பின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவளுக்குப் பெரிய கொடுமையாக இருந்தது. பம்பில் எண்கள் ஓடும். காற்று 401 நெடுஞ்சாலைப் பக்கமிருந்து வந்து முகத்தில் அறையும். மீற்றரைப் பார்த்துக் கைபேசியில் கணக்குப் போட்டாள். நூறு கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு லீற்றர். தன்னோடு வேலை செய்யும் ஷாமிலாவின் கார் எட்டு லீற்றரில் ஓடுகிறது என்று கேட்டபோது, அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கொட்டாவிதான் வந்தது.

"இதை வித்துப்போட்டு ஒரு சின்னக் கார் எடுப்பமோ?" என்று ஒரு ஞாயிறு கேட்டாள்.

றொய்சன் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தான். "ஏப்ரலிலை நான் திரும்ப வேலைக்குப் போவன். ட்ரக் இல்லாமல் கூரைக்காரன் என்ன செய்யிறது?"

ஏப்ரலில் அவன் போகமாட்டான் என்று வைத்தியர் இரண்டு பேருக்கும் முன்னால்தான் சொல்லியிருந்தார். அனோஜா அதை நினைவூட்டவில்லை.

"அப்ப இது குடிக்கிறதைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கோ" என்றாள்.

"காலை மெல்லமா வையும். நீர் பிரேக்கும் காஸுமா மாறி மாறி மிதிக்கிறீர் போல."

அவள் அதையும் செய்து பார்த்தாள். நெடுஞ்சாலையின் வலது ஓரத் தடத்தில், பெரிய லொறிகளுக்குப் பின்னால், நூறுக்கு மேல் போகாமல் ஓட்டினாள். காலையில் எஞ்சினை இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டுச் சூடாக்குவது றொய்சனின் பழக்கம், அதை நிறுத்தினாள். கண்ணாடியைச் சுரண்டிவிட்டு, மூச்சு வெண்புகையாகப் பறக்க, குளிர்ந்த இருக்கையில் அப்படியே உட்கார்ந்து புறப்பட்டாள். ரயர்களில் காற்றுக் குறைவாக இருந்தது, அடித்தாள். இத்தனைக்கும் ஒரு லீற்றர்தான் குறைந்தது.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பின்பெட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள். காற்றமுக்கி, ஆணியடிக்கும் துவக்குகள், இரண்டு ஏணிகள், கயிறுகள், கூரையில் அடிக்கிற சிங்கிள்ஸ் தகடுகள் எட்டுக் கட்டு. விழுந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தன. நாலு மாதமாக ஒரு கூரையின் பாரத்தை ஒஷாவாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அவள் இறக்கத் தொடங்கினாள். சிங்கிள்ஸ் கட்டு ஒவ்வொன்றும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் பாரம். மூன்றாவது கட்டைத் தூக்கும்போது கதவு திறந்தது. றொய்சன் ஊன்றுகோலில் சாய்ந்து, வெறும் சேட்டோடு வாசலில் நின்றான். தடுக்கப்போகிறான் என்று நினைத்தாள்.

"தூக்காதையும்" என்றான். "நுனியிலை பிடிச்சு இழுத்து, தொடையிலை சாய்ச்சு இறக்கும். நாரியும் முதுகும் போயிடும்."

அவள் அப்படியே செய்தாள். எட்டும் இறங்கும்வரை அவன் குளிரில் நின்றான். பிறகு உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அதோடு இருபது லீற்றருக்கு வந்தது. அதற்குக் கீழே எதைச் செய்தும் இறங்கவில்லை.

மார்ச் மாதம் எண்ணெய் மாற்றுவதற்கு ட்ரக்கைப் பாக்கியராசாவின் கராஜுக்குக் கொண்டுபோனாள். பாக்கியராசா மட்டக்களப்பு ஆள். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அவள் சொன்ன கணக்கை முழுதும் கேட்டுவிட்டு, ரயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"தங்கச்சி, உங்கட கணக்குப் பிழை."

"எப்பிடி அண்ணை? பம்பிலை அடிச்ச லீற்றர், மீற்றரிலை ஓடின தூரம். ரெண்டும் சரியாத்தானே எழுதினனான்."

"மீற்றர் பழைய சில்லுக்குச் செஞ்சது. இது அதைவிடப் பெரிய சில்லு. ஒருதரம் சுத்தினா கூடத் தூரம் போகும், மீற்றருக்கு அது தெரியாது. அது நூறு எண்டு காட்டினா நீங்க நூற்றி ஒன்பது ஓடியிருப்பியள். வேகமும் அப்பிடித்தான்."

"அப்ப நான் நூறிலை போறன் எண்டு நினைச்சதெல்லாம்?"

"நூற்றிப் பத்துக்குக் கிட்ட."

இரண்டு மாதமாக லொறிகளுக்குப் பின்னால் பொறுமையாக ஊர்ந்ததாக அவள் நினைத்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பாக்கியராசா கையைத் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய், இல்லாத வேலை ஒன்றைத் தேடினார்.

திரும்பி வந்தபோது விஷயத்தை நேராகச் சொன்னார். ரயர் பாரம், அதைச் சுழற்றவே எஞ்சினுக்குப் பாதி உயிர் போகிறது. உயர்த்தியதால் அடியில் காற்று அடைக்கிறது. மேலே விளக்கு, முன்னால் இரும்பு. "எல்லாத்தையும் கழட்டிப் பழையபடி ஆக்கினா பதினாறுக்கு வரும். எட்டுக்கு வராது, அந்த ஆசை வேணாம். பழைய ஸ்பிரிங், பழைய சில்லு நான் எடுத்துத் தாறன். மறுகா, ட்ரக் ஆற்ற பேரிலை இருக்கு?"

"என்ர பேரிலை. ஆனா ட்ரக் அவரின்ர."

"அவரைக் கேட்டுட்டு வாங்க."

அவள் வீட்டுக்குப் போனாள். கேட்கவில்லை. இரவு சாப்பாட்டில் கேட்கலாம் என்று நினைத்தாள். அவனுக்கு அன்று வலி கூட. மறுநாள் ஒட்டாவாவில் படிக்கும் மகள் ஸ்டெபனி தொலைபேசியில் எடுத்து நெடுநேரம் கதைத்தாள். அதற்கடுத்த நாள் அனோஜா வேலையால் வந்து சப்பாத்தோடு சோபாவில் நித்திரையானாள். வெள்ளிக்கிழமை பாக்கியராசாவைக் கூப்பிட்டு, "ஓம் எண்டிட்டார்" என்று சொன்னாள். கல்யாணம் முடித்த முப்பது வருடத்தில் அவள் சொன்ன பெரிய பொய் அதுவாகத்தான் இருக்கும். அந்த வாரக்கடைசி இரண்டு நாளும் ட்ரக் கராஜில் நின்றது. பிரேக் வேலை என்று றொய்சனுக்குச் சொன்னாள். அது இரண்டாவது பொய்.

ஞாயிறு பின்னேரம் அவள் திரும்பி வந்து நிறுத்தியபோது றொய்சன் ஜன்னலுக்கு வரவில்லை. வந்த சத்தத்தை அவன் தன்னுடைய ட்ரக்கின் சத்தம் என்று அறியவில்லை. சேற்று ரயர்கள் எழுப்பும் இரைச்சல் அதில் இல்லை. அவள் கதவைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் எழுந்து போய்த் திரையை விலக்கினான். வெகுநேரம் பார்த்தான்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றான்.

"கேட்டிருந்தா ஓம் எண்டிருப்பீங்களோ?"

"இல்லை."

"அதுதான் கேக்கேல்லை."

இரண்டு நாள் அவன் பேசவில்லை. அவள் காலையில் தேத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். வந்து பார்க்கும்போது கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. கோபித்துக்கொண்டாலும் கோப்பையைக் கழுவி வைக்கிற மனுசன். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை அவனுக்குப் பிசியோ, இடுப்புக்கும் காலுக்கும் பயிற்சி. வழக்கமாகக் கூலி வான் ஒன்று வந்து ஏற்றிப்போகும். அன்று வான் வரவில்லை. அனோஜாவுக்கு விடுமுறை நாள். அரை மணி நேரம் வாசலில் நின்றபின் அவள் ட்ரக் திறப்பை எடுத்தாள்.

"வாங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்."

அவன் மெல்ல நடந்து பக்கத்துக் கதவடிக்குப் போனான். பாக்கியராசா பூட்டிவிட்டிருந்த படிச்சட்டத்தில் நல்ல காலை வைத்தான். கைபிடியைப் பிடித்தான். இரண்டாவது காலை அவள் முழங்காலுக்குக் கீழே கைகொடுத்துத் தாங்கினாள். ஏறி உட்கார்ந்துவிட்டான். மூச்சு வாங்கியது. உள்ளங்கையால் முன்பலகையைத் தடவினான். அங்கே ஐந்து மாதத் தூசி.

அவள் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னான்:

"கிறிஸ்மஸுக்குப் பிறகு, நீர் நித்திரையாயிருந்த ஒரு ஞாயிறு, நான் வெளியிலை வந்து இதிலை ஏறப் பாத்தனான். காலைத் தூக்க ஏலாமப் போச்சு. மூண்டு தரம் பாத்தனான். பிறகு பனிக்குள்ளை கொஞ்ச நேரம் சும்மா நிண்டிட்டு வந்திட்டன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? என்ர கையாலை உசத்தினது."

அனோஜா அவனுடைய முழங்காலில் கையை வைத்தாள். வைத்த கையை அவன் தட்டிவிடவில்லை. பிறகு, பிசியோவுக்கு நேரம் போகிறது என்று, எஞ்சினை இயக்கினாள்.

பிசியோ முடிந்து வரும் வழியில் அவன் முன்பலகைத் திரையில் ஓடும் எரிபொருள் கணக்கைப் பார்க்கத் தொடங்கினான். "சிவப்பு விளக்கைத் தூரத்திலையே கண்டா காலை எடும். கிட்டப் போய் மிதிக்காதையும்" என்றான். அவள் காலை எடுத்தாள். "ஆ, உப்பிடித்தான்." அதற்குப் பிறகு வீடு வரும்வரை வாய் ஓயவில்லை. அவளுக்குத் தலை இடித்தது. ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

பெரிய ரயர்களையும் விளக்குச் சட்டத்தையும் விற்பதற்கு றொய்சனே விளம்பரம் எழுதினான். மூன்று தரம் அழித்து எழுதினான். பரி நகரிலிருந்து வந்த ஒருவன் வாங்கினான். வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, எந்த ஆணியை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று றொய்சன் அவனுக்கு ஒரு மணி நேரம் விளக்கினான். பாக்கியராசாவின் கூலியை அந்தக் காசில் கொடுத்து முடித்தார்கள்.

பாக்கியராசா சொன்னபடி பதினாறுக்குத்தான் வந்தது. ஒரு தாங்கி இப்போது ஒரு கிழமை முழுக்க ஓடுகிறது. வெள்ளிக்கிழமைகளில் அவள் பம்படியில் நிற்பதில்லை. ஜூன் மாதம் றொய்சன் தன் பழைய முதலாளிக்கு வீட்டில் இருந்தபடி வேலை செய்யத் தொடங்கினான். கூரைகளின் படங்களைப் பார்த்து எத்தனை கட்டு வேண்டும் என்று கணித்துக் கொடுக்கிற வேலை. கிழமைக்கு மூன்று நாள். தான் இனிக் கூரை ஏறமாட்டேன் என்று அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏணிகள் இரண்டையும் மட்டும், தன்னோடு வேலைசெய்த ஒருவனை ஒருநாள் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டான்.

அனோஜா இன்னமும் ஐந்து மணிக்குப் புறப்படுகிறாள். விரல்கள் கோடையிலும் மரத்துப் போகின்றன. வேலை முடிந்து வந்து நிறுத்தியபின், உடனே இறங்காமல், இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் இருப்பாள். றொய்சன் ஜன்னலால் பார்ப்பான். கூப்பிடமாட்டான். தேத்தண்ணீருக்குக் கேத்திலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பான்.