சுமைகாரர்களுக்குப் பெயர் வைத்தவர்

அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத அண்ணி என்னைத்தான் கேட்டார்கள். "மத்தவங்க எழுதுனா அழுதுகினே எழுதுவாங்க. நீ எழுதும்மா" என்றார்கள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பழவேற்காட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் அண்ணன் பிறந்தார். அவர் பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிவிட்டார். ஐடிஐ-யில் ஃபிட்டர் படித்து, கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஃபோர்மேன் ஆனார். பொன்னேரியில் வீடு கட்டினார். என்னைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்தார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. கோபம் உண்டு. அதை மறைத்து எழுதினால், அவரோடு மில்லில் இருந்தவர்கள் இந்த மலரைப் பாதியிலேயே மூடி வைத்துவிடுவார்கள்.

அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் ஒரு படம். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் நடக்கும் பழைய ஆங்கிலச் சாகசப் படம். ஐடிஐ படிக்கும்போது சென்னையில் காலைக் காட்சியில் பார்த்தாராம். பிறகு இரண்டாயிரம் பிறந்த புதிதில், நடைபாதைக் கடை ஒன்றில் அதன் விசிடி கிடைத்தது. மூன்று தட்டுகள். பீரோவில் அண்ணியின் பட்டுப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கேப்டனும் அவன் நண்பனும் மலைக்கு அப்பால் இருக்கும் கோட்டையைத் தேடிப் போகிறார்கள். ஆறு, காடு, புலி, கயிற்றுப் பாலம் எல்லாம் வரும். பெட்டிகளைத் தூக்க முப்பத்திரண்டு சுமைகாரர்கள். முப்பத்திரண்டு என்று படத்தில் யாரும் சொல்வதில்லை, அண்ணன் எண்ணினார். திரும்பி வரும்போது ஒன்பது பேர். கடைசியில் கேப்டன் கவர்னர் முன்னால் நின்று, பயணத்தில் ஒரு தொலைநோக்கியைத் தவிர எந்த இழப்பும் இல்லை என்று சொல்வான். எல்லாரும் கை தட்டுவார்கள்.

அந்த இடத்தில் அண்ணன் தவறாமல் கேப்டனைத் திட்டுவார். அதற்காகப் படத்தை விட்டுக்கொடுக்கவும் மாட்டார். பனிமூட்டம் விலகி, மலை விளிம்பில் சுமைகாரர்கள் வரிசையாக நடந்துவரும் முதல் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். "எடுத்தவனுக்குக் கண்ணு இருக்குதும்மா. ஒவ்வொருத்தன் காலையும் காட்றான் பாரு, எப்டி வழுக்குதுன்னு. கேமராவுக்கு இவங்க தெரியறாங்க. கதைக்குத்தான் தெரியல" என்பார். எனக்குப் படம் பார்க்கும் பொறுமை கிடையாது. சரி சரி என்று அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆயுத பூஜை அன்று மில் நிற்கும். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, கேன்டீன் கொட்டகையில் டிவி வைத்துப் படம் போடுவார்கள். ஒரு வருடம் தமிழ்ப் படத்தின் தட்டு கீறல் விழுந்து நின்றுவிட்டது. அண்ணன் பையில் அவருடைய படம் இருந்தது. ஏன் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆங்கிலம் யாருக்கும் புரியாது என்பதால் அண்ணனே டிவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போதுதான் சுமைகாரர்களுக்குப் பெயர் வைத்தார். எல்லாம் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் பெயர்கள். இவன் தேசப்பன், அவன் கபாலி, அந்தத் தலைப்பாகைக்காரன் பஷீர். கயிற்றுப் பாலத்திலிருந்து விழுபவன் ஏழுமலை.

கொட்டகை அதிர்ந்ததாம். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அதே படம்தான். ஏழுமலை ஒருமுறை என்னிடமே முறையிட்டார்: "நீங்க கேளுங்கக்கா. வருசா வருசம் என்னியே பாலத்துலேந்து தள்ளி உட்றாரு. ஒரு வாட்டியாவது புலிக்குக் குடுக்கச் சொல்லுங்க."

தலையில் அண்டாவைச் சுமந்து கடைசிவரை உயிரோடு வரும் சமையல்காரனுக்கு சுதாம் என்று பெயர். சுதாம் ஒரிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளி. தங்கியிருந்த அறையில் எட்டுப் பேருக்கு அவர்தான் சமைப்பார். தமிழ் நன்றாகவே பேசுவார். படத்தில் அண்டா வந்ததும் எழுந்து நின்று கும்பிடுவாராம்.

அந்த சுதாம்தான் மில்லில் இறந்தார். பழுக்கக் காய்ச்சிய கம்பி தடம் மாறிச் சுருண்டுகொண்டது. இயந்திரத்தை நிறுத்தித்தான் அதை எடுக்க வேண்டும். அன்று நிறுத்தவில்லை. போய் எடு என்று சொன்னவர் அண்ணன்.

இதை எழுத வேண்டாம் என்று உறவினர் இரண்டு பேர் சொன்னார்கள். அண்ணன் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டதில் நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

மில் நிர்வாகம் ஒரு அறிக்கையைத் தட்டச்சு செய்து அண்ணனிடம் கொடுத்தது. ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் யாரும் சொல்லாமல் தானாகவே உள்ளே போனார் என்று அதில் இருந்தது. பெயர் இல்லை. உற்பத்தி எத்தனை மணி நேரம் நின்றது என்பது மட்டும் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டால் சுதாம் வீட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. போடாவிட்டால் அண்ணனுக்கு வேலை போகும், வழக்கும் வரும். அண்ணன் மகன் அப்போது இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திருநின்றவூருக்கு வந்தார். காகிதத்தை என்னிடம் காட்டிவிட்டு, "இன்னா செய்யட்டும்?" என்று கேட்டார். அண்ணன் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"போட்டுடுண்ணா. புள்ள படிப்பு முடியட்டும். போனவன் திரும்பியா வரப் போறான்?" என்றேன்.

நான் அப்படித்தான் சொன்னேன். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணன் காப்பியைக் குடித்து முடித்தார். "இத்தினி வருசமா அந்தக் கேப்டன திட்டிக்கினு இருந்தேம்மா. இப்ப அவன் எடத்துல நான் நிக்கிறேன்" என்றார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத் தாளில் தன் கையாலேயே எழுதினார். சுதாமின் பெயர், தகப்பன் பெயர், ஊர். "ஓடும் இயந்திரத்தில் கம்பியை எடுக்கச் சொன்னது நான்தான்" என்று ஒரு வரி. அவ்வளவுதான் எழுதினார். அந்த மாதமே வேலை போனது. வழக்கு நடந்தது, அண்ணனுக்கு அபராதம் விதித்தார்கள். சுதாமின் மனைவிக்கு நஷ்டஈடு வந்து சேர இரண்டு ஆண்டு பிடித்தது. அண்ணன் பொன்னேரியில் ஒரு லேத் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். பிள்ளை படித்து முடித்தான். நான் பயந்ததில் பாதி நடந்தது, பாதி நடக்கவில்லை.

வேலை போன வருடம் ஆயுத பூஜை அன்று மாலை மில்காரர்கள் பொரிப் பொட்டலத்தோடு பொன்னேரி வீட்டுக்கு வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். படம் போடச் சொன்னார்கள். அண்ணன் மறுத்தார். ஏழுமலை அண்ணியிடம் கேட்டுத் தட்டை வாங்கித் தானே போட்டார். அன்றுதான் அந்தப் படத்தை முதன்முதலாக முழுதாகப் பார்த்தேன். நல்ல படம்தான். அந்தக் கயிற்றுப் பாலத்தில் என் கை வியர்த்துவிட்டது.

அண்ணன் இந்த முறை கதை சொல்லவில்லை. பாலம் வந்தபோது ஏழுமலையே, "இது நான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் கேப்டன் தொலைநோக்கிக் கணக்கைச் சொன்னதும் அண்ணன் எழுந்து படத்தை நிறுத்தினார். டிவிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்திரண்டு. சுதாமைக் கடைசியில் சொன்னார். சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று ஆண்டுகள் இருந்தார். போன ஆண்டு பட்டறையிலேயே மார்வலி வந்தது. சென்னை ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஐந்தாம் நாள் காலை போய்விட்டார்.

கட்டுரையின் முடிவில் நன்றி சொல்வது வழக்கம். நானும் உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் நன்றி என்று ஒரே வரியில் எழுதித்தான் அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். "இத்தோட நிறுத்திக்குங்கம்மா, பக்கம் சரியா இருக்குது" என்றார் அச்சகக்காரர். வீட்டுக்கு வரும் வழியில், ரயிலில், எனக்கு அந்தத் தொலைநோக்கி நினைவுக்கு வந்தது. மறுநாள் போய், கட்டுரைக்குக் கீழே வைத்திருந்த என் புகைப்படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் இது:

பட்டறையிலிருந்து அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள், அன்று அவரைப் பார்க்க வந்திருந்த கபாலி, பட்டறையில் கூட வேலை செய்த முனிரத்தினம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்கு நாளும் படுத்திருந்தவர் ஏழுமலை. ரத்தம் கொடுத்தவர்கள் மில்லிலிருந்து வந்த பஷீர், ரகு, தேசப்பன். பாடை சுமந்தவர்கள் இந்த ஆறு பேரும்தான். பந்தலில் மூன்று வேளையும் சமைத்தவர் எதிர்வீட்டு வசந்தா. சுதாமின் தம்பி கைலாஷ் ஒரிசாவிலிருந்து ரயிலேறிப் பதினாறாம் நாள் வந்தார். பந்தியில் எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

பெயர் விடுபட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டாம். மலரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பேனா வைத்திருக்கிறேன், எழுதித் தருகிறேன்.