மிச்ச நாடாவின் பாடகர்

பன்னிரண்டு வயதில், உலகின் மகத்தான டிஸ்கோ பாடகர் மைசூர் மண்டி மொஹல்லாவில் கேசட் கடை வைத்திருக்கிறார் என்று நம்பிய அசடு நான். இன்று பரணில் அகப்பட்ட பழைய கேசட்டின் பிளாஸ்டிக் வாடை அந்தக் கடையை மறுபடி திறந்துவிட்டது. வாடிக்கையாளர் கேட்ட பக்திப் பாட்டுகளைப் பதிந்தபின் நாடாவில் மிஞ்சும் இரண்டு நிமிடத்தில், கடைக்காரர் பாஸ்கரண்ணா தானே எழுதி மெட்டமைத்த பாட்டைச் சேர்த்துவிடுவார். அக்ரஹாரத்தில் எந்த வீட்டில் நாமாவளி முடிந்தாலும் அவர் குரல் ‘ஹேய்’ என்று குதிக்கும்; அதற்காகவே நான் ஜன்னல் ஜன்னலாக அலைவேன்.

“எல்லாருக்கும் பிடிச்சிருக்கா, பாப்பா?” என்பார், கால் தரையில் பாவாமல்.

“ஊரே பைத்தியமா அலையறது, அண்ணா!”

அதை நம்பிக் கடையை மூடிவிட்டு மெட்ராஸுக்கு ரயிலேறினார். இனி அவர் பாட்டே வராது என்று அம்மாவிடம் அழுதேன்.

“ஹௌதா, அப்படியா, அது பாட்டா? கேசட்டைத் திருப்பிப் போடச் சொல்ற சத்தம்னு நெனச்சிண்டிருந்தேன்!”